பேரை மறைக்கலாம், பேங்க் அக்கவுன்ட்டை மறைக்க முடியுமா? அநாமதேய பிளாக்கில் சம்பாதிப்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை

வேலூரிலிருந்து திருவண்ணாமலை போகும் சாலையில், ஜவ்வாது மலைத்தொடரை ஒட்டிய ஊர் கணியம்பாடி. அங்கே ஒரு வீட்டில் இப்படி நடப்பதாக வைத்துக்கொள்வோம்.

பகலில் வேலூரில் ஒரு தனியார் நிறுவனத்தில் வேலை பார்க்கும் பெண், ராத்திரி பத்து மணிக்கு மேல் லேப்டாப்பைத் திறக்கிறார். சம்பள பேரம், மேனேஜர் தொல்லை, நைட் ஷிஃப்ட், பிஎஃப் பிரச்சினை என்று ஆபீஸ் வாழ்க்கையைப் பற்றி ஒரு புனைபெயரில் பிளாக் எழுதுகிறார். வீட்டுக்குத் தெரியாது, ஆபீஸுக்கும் தெரியாது. வாசகர்கள் கூடுகிறார்கள். விளம்பரம் போட்டால் காசு வரும் என்று கேள்விப்பட்டு கூகுள் ஆட்சென்ஸில் பதிவு செய்கிறார்.

சில மாதம் கழித்து வாசலில் போஸ்ட்மேன். சின்னதாக ஒரு தபால். அனுப்பியது கூகுள். மேலே அவருடைய உண்மையான பெயர், வீட்டு முகவரி. வாங்கியது அப்பா. “என்னம்மா, கூகுள்ல இருந்து உனக்கு லெட்டர் வந்திருக்கு?”

இந்தப் பெண் கற்பனை. ஆனால் அந்தத் தபால் கற்பனை இல்லை. ஆட்சென்ஸில் சேர்பவர்களின் வருமானம் 10 டாலரைத் தொட்டதும், முகவரியைச் சரிபார்க்க 6 இலக்க பின் நம்பரை கூகுள் தபாலில்தான் அனுப்புகிறது. வந்து சேர இரண்டிலிருந்து நான்கு வாரம் ஆகலாம். நான்கு மாதத்துக்குள் அந்த நம்பரைப் பதிவு செய்யாவிட்டால் பிளாக்கில் விளம்பரம் வருவது நின்றுவிடும்.

அநாமதேயமாக எழுதிச் சம்பாதிப்பதில் உள்ள மொத்தச் சிக்கலும் அந்தத் தபாலுக்குள் இருக்கிறது. வாசகரிடம் பேரை மறைக்கலாம். பணம் கொடுப்பவரிடம் மறைக்க முடியாது.

ஏன் மறைந்து எழுத வேண்டும்?

‘தப்பு பண்றவங்கதான் மறைஞ்சு எழுதுவாங்க’ என்பது பொதுவான எண்ணம். நிஜத்தில் பலருக்குக் காரணம் வேலை, குடும்பம், பாதுகாப்பு. தன் மனநலச் சிகிச்சையைப் பற்றி எழுதுபவர், விவாகரத்தைப் பற்றி எழுதுபவர், சாதி கேட்டு வாடகை வீடு மறுக்கப்பட்ட கதையை எழுதுபவர் எல்லோரும் தங்கள் பேர், போட்டோவோடுதான் வர வேண்டும் என்று கேட்டால் பாதிப் பேர் எழுதவே மாட்டார்கள்.

வேலை விஷயத்தில் பயத்துக்கு நியாயமும் உண்டு. மத்திய அரசு ஊழியர்களுக்கான 1964-ம் ஆண்டு நடத்தை விதிகளில் 9-வது விதி, அரசின் கொள்கையையோ நடவடிக்கையையோ விமர்சித்து எதையும் வெளியிடக் கூடாது என்கிறது. சொந்தப் பெயரில் மட்டுமல்ல, பெயரில்லாமலோ புனைபெயரிலோ பிறர் பெயரிலோ எழுதினாலும் மீறல்தான் என்று அதிலேயே இருக்கிறது. அதாவது, ‘பேர் போடலையே சார்’ என்ற வாதத்துக்கு விதி எழுதியவர்களே முன்கூட்டி கதவைச் சாத்திவிட்டார்கள்.

தனியார் துறையில் வேலை ஒப்பந்தத்தைப் படிக்க வேண்டும். வேறு வருமானம் தரும் வேலை பார்க்கக் கூடாது, நிறுவனத் தகவலை வெளியிடக் கூடாது என்ற வரிகள் பல ஒப்பந்தங்களில் உண்டு. 2022 செப்டம்பரில் விப்ரோ நிறுவனம், போட்டி நிறுவனங்களுக்கும் சேர்த்து வேலை பார்த்ததாக 300 ஊழியர்களை நீக்கியதாக அறிவித்தது. பிளாக் எழுதுவதும் அதுவும் ஒன்றல்ல. ஆனால் இரண்டாவது வருமானத்தை நிறுவனங்கள் எப்படிப் பார்க்கின்றன என்பதற்கு அது ஒரு அடையாளம்.

தமிழில் இது புதுசா?

புனைபெயர் தமிழுக்குப் பழைய பழக்கம். ரங்கராஜன் தன் மனைவி பெயரில்தான் ‘சுஜாதா’ ஆனார். வாசகருக்குப் புனைபெயர் மட்டும் தெரிந்தால் போதும். சன்மானம் அனுப்ப பத்திரிகை ஆபீஸுக்கு நிஜப் பெயரும் விலாசமும் வேண்டும். அதாவது, எழுத்தாளரின் பேர் தெரிந்த ஒருவர் எப்போதுமே இருந்திருக்கிறார்.

2000-களில் தமிழ் வலைப்பதிவுகள் பெருகியபோது இந்தக் கணக்கு கொஞ்ச காலம் மாறியது. ‘இட்லிவடை’ என்ற பெயரில் அரசியலும் நையாண்டியுமாக ஒரு வலைப்பதிவு இயங்கியது. அதை எழுதுவது யார் என்று ஊகிப்பது தமிழ்ப் பதிவுலகில் ஓயாத விளையாட்டாக இருந்தது. அன்று இது சாத்தியமானதற்கு ஒரு எளிய காரணமும் உண்டு. தமிழ்ப் பதிவுகளில் பெரிதாகக் காசு புரளவில்லை. காசு இல்லாத இடத்தில் ரசீதும் இல்லை.

2018 பிப்ரவரியில் ஆட்சென்ஸ் தமிழ் மொழிக்கு அதிகாரபூர்வ ஆதரவு தந்தது. தமிழில் எழுதினாலே விளம்பர வருமானம் என்ற நிலை வந்தது. அதோடு பின் நம்பர் தபாலும் வந்தது.

காசு வந்தால் யார் யாருக்கு உங்கள் பேர் தெரியும்?

ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

*கூகுள்:* ஆட்சென்ஸ் கணக்கில் இருக்கும் பெயரும் வங்கிக் கணக்கில் இருக்கும் பெயரும் ஒத்துப்போக வேண்டும். அடையாள ஆவணம் கேட்கப்படலாம். இருப்பு 100 டாலரைத் தாண்டினால்தான் பணம் அனுப்பப்படும். ஒரு நபருக்கு ஒரு ஆட்சென்ஸ் கணக்குதான் அனுமதி.

*வங்கி:* வெளிநாட்டிலிருந்து பணம் வருவதால், எதற்கான பணம் என்று வங்கி கேட்கும். ‘பர்பஸ் கோட்’ என்பது அதுதான். சொந்த ஊர் கிளையில் கணக்கு இருந்து, அங்கே உள்ளவர்களுக்கு உங்கள் குடும்பத்தையும் தெரியும் என்றால், ரகசியத்தின் ஆயுள் அந்த கவுன்ட்டர் வரைதான்.

*வருமான வரித் துறை:* பிளாக் வருமானமும் வருமானம்தான். ரிட்டர்னில் காட்டியே ஆக வேண்டும். புனைபெயருக்கு பான் கார்டு கிடையாது.

*விளம்பரம் தரும் நிறுவனம்:* பணத்துக்குப் பதில் போன், ஹோட்டல் அறை, டிராவல் பேக்கேஜ் என்று பொருளாகத் தந்தாலும் கணக்கு உண்டு. ஆண்டுக்கு 20,000 ரூபாய்க்கு மேல் போனால் 10% வரி பிடித்தம் என்ற விதி 2022 ஜூலை 1 முதல் அமலில் உள்ளது. அதற்கு உங்கள் பான் எண் வேண்டும்.

*வாசகர்:* ஆம், வாசகரும்தான். ‘பிடிச்சிருந்தா ஒரு டீ வாங்கிக் குடுங்க’ என்று யுபிஐ க்யூஆர் கோட் போட்டால், ஸ்கேன் செய்பவர் போனில் வங்கியில் பதிவான உங்கள் பெயர் வரும். 2025 ஜூன் 30-க்குள் எல்லா யுபிஐ செயலிகளும் பணம் பெறுபவரின் வங்கிப் பெயரைத்தான் காட்ட வேண்டும் என்று தேசிய பணப் பரிவர்த்தனைக் கழகம் (என்பிசிஐ) உத்தரவிட்டது. மோசடியைத் தடுக்க வந்த நல்ல விதி. ஆனால் பேர் மறைத்து எழுதுபவர் அந்த க்யூஆர் கோடை ஒட்டுவதும் வாசலில் நேம் போர்டு மாட்டுவதும் ஒன்றுதான்.

‘அப்பா பேர்ல அக்கவுன்ட் ஓப்பன் பண்ணிடலாமே’ என்று பலர் யோசிப்பார்கள். அப்போது வருமானமும் வரிப் பொறுப்பும் காகிதத்தில் அப்பாவுடையது ஆகிவிடும். நாளைக்குத் தகராறு என்றால் எழுத்து உங்களுடையது என்று நிரூபிப்பதே கஷ்டம். மத்திய அரசு ஊழியராக இருந்தால் இது வழியே இல்லை. குடும்ப உறுப்பினர் வியாபாரம் செய்தால் அதையும் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது அதே நடத்தை விதி.

பணத் தடம் பிடித்துப் போன நிருபர்

இதெல்லாம் சின்ன பிளாக்கர்களின் கவலை என்று நினைக்க வேண்டாம். இத்தாலியின் உலகப்புகழ் நாவலாசிரியர் எலெனா ஃபெரான்டே. இது புனைபெயர், முதல் நாவல் வந்த 1992 முதல் அவர் பொதுவெளியில் முகம் காட்டியதில்லை. 2016 அக்டோபரில் கிளாவ்டியோ காட்டி என்ற இத்தாலியப் புலனாய்வு நிருபர், இவர்தான் ஃபெரான்டே என்று ஒரு மொழிபெயர்ப்பாளரைச் சுட்டிக்காட்டினார். அவர் நாவல்களைப் படித்துத் துப்பறியவில்லை. பதிப்பகம் யாருக்கு எவ்வளவு பணம் கொடுத்தது, ஃபெரான்டே புத்தகங்கள் விற்ற காலத்தில் யாருடைய வருமானம் உயர்ந்தது, யார் வீடு வாங்கினார் என்ற ஆவணங்களைப் படித்தார்.

ஃபெரான்டே தரப்பு அதை இன்றுவரை ஒப்புக்கொள்ளவில்லை. ‘ஒரு எழுத்தாளரை ஏதோ குற்றவாளி மாதிரி விரட்டுவதா?’ என்று உலகம் முழுக்க வாசகர்கள் கோபப்பட்டார்கள். ஆனால் நிருபர் எந்த வழியாக உள்ளே போனார் என்பதுதான் இங்கே பாடம்.

பிரபலப்படுத்தும்போது எங்கே சறுக்கும்?

காசு வர வேண்டுமென்றால் ஆட்கள் வர வேண்டும். ஆட்கள் வர வேண்டுமென்றால் பிளாக்கைப் பத்துப் பேரிடம் கொண்டுபோக வேண்டும். பேர் வெளியே கசிவது பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான்.

*விளம்பர எண்:* ஆட்சென்ஸ் விளம்பரம் ஓடும் பக்கத்தின் சோர்ஸ் கோடில் ‘பப்’ என்று தொடங்கும் ஒரு பப்ளிஷர் எண் இருக்கும். ஒரு நபருக்கு ஒரு கணக்குதான் என்பதால், சொந்தப் பெயரில் இன்னொரு சமையல் பிளாக்கோ டெக் பிளாக்கோ வைத்திருந்தால் இரண்டிலும் ஒரே எண். ஒரே எண்ணைப் பயன்படுத்தும் தளங்களைத் தேடித் தரும் கருவிகள் இணையத்தில் இருக்கின்றன. கூகுள் அனலிட்டிக்ஸ் எண்ணும் அப்படித்தான். 2015-ல் ‘குளோபல் வாய்சஸ்’ தளத்தில் ஒரு ஆய்வாளர், ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாதவை போலத் தெரிந்த ரஷ்ய ஆதரவு இணையதளங்கள் ஒரே கையில் இருப்பதை அனலிட்டிக்ஸ் எண்ணை வைத்தே கண்டுபிடித்துக் காட்டினார்.

*ஆட்சென்ஸ் செட்டிங்ஸ்:* விற்பனையாளர் விவரத்தை வெளிப்படையாகக் காட்டலாமா, ரகசியமாக வைக்கலாமா என்று ஒரு தேர்வு அங்கே உண்டு. வெளிப்படை என்று தேர்ந்தெடுத்தால் உங்கள் பெயர் கூகுளின் பொதுப் பட்டியலில் வந்துவிடும். கணக்கு தொடங்கும் அவசரத்தில் பலர் இதைக் கவனிப்பதில்லை.

*வாட்ஸ்அப்:* குரூப் தொடங்கினால் உங்கள் நம்பர் உள்ளே இருக்கும் எல்லோருக்கும் தெரியும். வாட்ஸ்அப் சேனலில் அட்மின் நம்பர் ஃபாலோயர்களுக்குத் தெரியாது. இரண்டுக்கும் நடுவே இருக்கும் வித்தியாசம் தெரியாமல் மாட்டிக்கொள்வது சுலபம்.

*முதல் ஷேர்:* புது பிளாக்கை முதல் ஆளாக ஷேர் செய்வது, முதல் லைக் போடுவது, ‘செம்ம எழுத்து, படிச்சுப் பாருங்க’ என்று ஃபேமிலி குரூப்பில் போடுவது எல்லாம் நீங்களாகவே இருந்தால், கண்டுபிடிக்க போலீஸ் தேவையில்லை. சித்தப்பா போதும்.

*படங்கள்:* போனில் எடுத்த படத்துக்குள் எடுத்த இடத்தின் ஜிபிஎஸ் விவரம் ஒளிந்திருக்கலாம். அதை நீக்கிவிட்டாலும், ஜன்னலுக்கு வெளியே தெரியும் மலையும் பஸ் ஸ்டாப் பலகையும் ஊரைச் சொல்லிவிடும்.

*மனிதர்கள்:* தொழில்நுட்பத்தைவிட அதிகம் கசிவது இங்கேதான். ஹாரி பாட்டர் புகழ் ஜே.கே. ரௌலிங் 2013 ஏப்ரலில் ‘ராபர்ட் கால்பிரைத்’ என்ற பெயரில் ஒரு துப்பறியும் நாவல் வெளியிட்டார். ஜூலையிலேயே குட்டு உடைந்தது. காரணம், அவருக்காக வேலை பார்த்த சட்ட நிறுவனத்தின் வழக்கறிஞர் ஒருவர் தன் மனைவியின் தோழியிடம் சொன்னது. அந்த வழக்கறிஞருக்கு 1,000 பவுண்ட் அபராதம் விதிக்கப்பட்டது. ஆனால் வெளியே போன பெயர் போனதுதான்.

பேர் இல்லாமலே புகழ் பெற்றவர்

இந்தியாவில் இதற்கு மறக்க முடியாத உதாரணம் 2009-ல் நடந்தது. தேர்தல் காரணமாக அந்த வருட ஐபிஎல் தென்னாப்பிரிக்காவில் நடந்தபோது, ‘ஃபேக் ஐபிஎல் பிளேயர்’ என்ற பெயரில் ஒரு பிளாக் முளைத்தது. கொல்கத்தா நைட் ரைடர்ஸ் அணியின் உள்ளே இருக்கும் வீரர் எழுதுவதுபோல, ஆட்களுக்குப் பட்டப்பெயர் வைத்து டிரெஸ்ஸிங் ரூம் கதைகளைப் போட்டது. யார் அந்த வீரர் என்று டிவி சேனல்கள் விவாதித்தன. அணிக்குள்ளேயே சந்தேகம் கிளம்பியது.

அடுத்த வருடம் அதே பெயரில் ‘த கேம்சேஞ்சர்ஸ்’ என்ற நாவல் வந்தது. 2010 ஆகஸ்டில் எழுதியவர் தானாகவே முன்வந்தார். பெங்களூரில் இருந்த மார்க்கெட்டிங் துறைக்காரர் அனுபம் முகர்ஜி. அவர் எந்த ஐபிஎல் அணியிலும் ஆடியதில்லை, தென்னாப்பிரிக்காவுக்கும் போகவில்லை.

ரசித்துச் சிரிக்கலாம். கூடவே இன்னொரு பக்கமும் உண்டு. யார் எழுதியது என்று தெரியாத நாட்களில், எழுதாத வீரர்கள் மீது சந்தேகம் விழுந்தது. பேர் மறைத்தவர் பாதுகாப்பாக இருக்கும்போது அந்த நிழல் வேறு யார் மீதோ விழலாம். கணியம்பாடிப் பெண் தன் ஆபீஸ் கதையை எழுதினால், ‘இதை நீதானே எழுதின?’ என்று மேனேஜர் முதலில் கேட்பது பக்கத்து சீட்காரரையாகக்கூட இருக்கலாம்.

மாட்டினால் என்ன ஆகும்?

பிரிட்டனில் ‘நைட்ஜாக்’ என்ற பெயரில் ஒரு போலீஸ்காரர் தன் பணி அனுபவங்களை பிளாக்கில் எழுதினார். அதற்கு 2009-ல் ஆர்வெல் பரிசு கிடைத்தது. அதே ஆண்டு ‘தி டைம்ஸ்’ பத்திரிகை அவர் யார் என்று கண்டுபிடித்தது. வெளியிடக் கூடாது என்று அவர் நீதிமன்றம் போனார். பிளாக் எழுதுவது அடிப்படையில் பொதுவெளிச் செயல், அதில் அடையாளத்தை மறைக்கும் உரிமையை எதிர்பார்க்க முடியாது என்று நீதிபதி சொல்லிவிட்டார். ரிச்சர்ட் ஹார்ட்டன் என்ற அவருடைய பெயர் அச்சில் வந்தது. துறை அவருக்கு எழுத்துபூர்வ எச்சரிக்கை கொடுத்தது. பிளாக் அழிக்கப்பட்டது.

கதை அங்கே முடியவில்லை. நிருபர் அவருடைய மின்னஞ்சலுக்குள் அனுமதியின்றி நுழைந்தது பின்னர் அம்பலமானது. 2012-ல் அந்தப் பத்திரிகை அவருக்கு 42,500 பவுண்ட் இழப்பீடு கொடுத்தது. பணம் வந்தது, பிளாக் திரும்பி வரவில்லை.

இந்தியச் சட்டம் என்ன சொல்கிறது?

புனைபெயரில் எழுதுவதற்கென்று தனித் தடை எதுவும் இல்லை. ஆனால் பேர் இல்லாதது கவசமும் இல்லை.

அவதூறு என்றால் பாரதிய நியாய சன்ஹிதா 356-வது பிரிவின்படி இரண்டு ஆண்டு வரை சிறை, அபராதம் அல்லது சமூக சேவை. பேரை மறைத்து மிரட்டினால், மிரட்டலுக்கான தண்டனையோடு கூடுதலாக இரண்டு ஆண்டு வரை சிறை உண்டு. அதாவது மிரட்டலில் மறைந்திருப்பது குற்றத்தைக் குறைக்காது, கூட்டும்.

நீதிமன்றம் கேட்டால் நிறுவனங்கள் விவரம் தந்தாக வேண்டும். 2019-ல் கலைத்துறையில் பாலியல் அத்துமீறல் புகார்களை வெளியிட்டு வந்த ஓர் அநாமதேய இன்ஸ்டாகிராம் கணக்கின் மீது, ஒரு கலைஞர் 5 கோடி ரூபாய் கேட்டு டெல்லி உயர் நீதிமன்றத்தில் மானநஷ்ட வழக்கு போட்டார். கணக்கை நடத்துபவரின் விவரத்தை சீலிட்ட கவரில் தரும்படி நீதிமன்றம் உத்தரவிட்டது. 2020-ல் வழக்கு சமரசத்தில் முடிந்தது. பெயர் பொதுவெளிக்கு வரவில்லை. சட்டத்தின் முன் பேர் தெரிய வேண்டும் என்பதும், ஊருக்கே தெரிய வேண்டும் என்பதும் வேறு வேறு என்பதற்கு இந்த வழக்கு ஓர் உதாரணம்.

காசு வாங்கிக்கொண்டு ஒரு பொருளைப் புகழ்ந்தால் அது விளம்பரம் என்று சொல்லியே ஆக வேண்டும். மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2023 ஜனவரி 20-ல் வெளியிட்ட வழிகாட்டுதல்கள் இதைத்தான் சொல்கின்றன. தவறான விளம்பரத்துக்கு முதல் முறை 10 லட்சம் ரூபாய் வரை, மறுபடி செய்தால் 50 லட்சம் வரை அபராதம் விதிக்க நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் இடம் இருக்கிறது. எழுதுபவரின் பேர் தெரியாத இடத்தில் வாசகருக்கு இருக்கும் ஒரே பிடிமானம், ‘இவர் காசுக்குச் சொல்லவில்லை’ என்ற நம்பிக்கை. அதையும் விற்றுவிட்டால் மிச்சம் ஒன்றுமில்லை.

தொடங்கும் முன் ஒரு காகிதத்தில் எழுதிப் பாருங்கள்

‘யாருக்குமே தெரியாமல்’ என்பது காசு வரும் பிளாக்குக்குப் பொருந்தாது. அதனால் கேள்வியை மாற்றிக் கேட்க வேண்டும்.

ஒன்று, யாருக்குத் தெரிந்தே தீரும்? கூகுள், வங்கி, வருமான வரித் துறை. இவர்களிடம் ஒளிய முயன்றால் அது வேறு வழக்காகிவிடும்.

இரண்டு, யாருக்குத் தெரியவே கூடாது? ஆபீஸா, குடும்பமா, முன்னாள் துணையா, ஊரா? பதிலைப் பொறுத்துத்தான் ஏற்பாடு மாறும். தனி மின்னஞ்சல், தனி அனலிட்டிக்ஸ், வாட்ஸ்அப் குரூப்புக்குப் பதில் சேனல், நம்பிக்கையான ஒரு கணக்காளர். முக்கியமாக, சொந்தப் பெயரில் ஏற்கெனவே ஆட்சென்ஸ் ஓடுகிறது என்றால் அநாமதேய பிளாக்கில் ஆட்சென்ஸ் வேண்டவே வேண்டாம்.

மூன்று, அவர்களுக்குத் தெரிந்துவிட்டால் என்ன இழப்பு? கொஞ்சம் கூச்சம் என்றால் தொடங்கலாம். வேலையே போகும் என்றால், மாதம் வரப்போகும் விளம்பரக் காசையும் மாதச் சம்பளத்தையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். உயிருக்கோ உடலுக்கோ ஆபத்து என்றால் எழுதுவதை நிறுத்தத் தேவையில்லை, காசை நிறுத்துங்கள். விளம்பரம் இல்லாத பிளாக்குக்குத் தபால் வராது.

கணியம்பாடி வீட்டுக்கே திரும்புவோம். அப்பா கையில் லெட்டர். அந்தப் பெண் முன்னால் இரண்டு வழிதான். ‘ஏதோ விளம்பரம்ப்பா’ என்று சொல்லி மழுப்பலாம். பிறகு வங்கியில் பணம் வரும்போது இன்னொரு பொய் தேவைப்படும். அல்லது, ‘உட்காருங்கப்பா, ஒண்ணு சொல்லணும்’ என்று தொடங்கலாம். ஆபீஸுக்குத் தெரியக் கூடாத ஒரு விஷயத்தைக் காப்பாற்ற வீட்டில் ஒரு ஆளாவது துணைக்கு வேண்டும்.

அந்தப் பேச்சைத் தபால் வருவதற்கு முன்பே பேசிவிட்டால் இன்னும் நல்லது.